கூடு திரும்பிய பறவையும் நமது பொறுப்பும்



முன்பெல்லாம் நமது வளவுகளில் கோழிக்கூடு இருக்கும். வசதியுள்ள வீட்டில் புறாக்கூடும் இருக்கும். இப்போது முன்விறாந்தையில் கம்பிக்கூடு தொங்குகிறது. அதற்குள் ஒரு சோடி 'லவ் பேர்ட்ஸ்', அல்லது தலையில் கொண்டை வைத்த கொக்கடீல். வாங்கிக் கொடுப்பவர் வாப்பா. பெயர் வைத்துக் கொஞ்சுவது பிள்ளைகள். தீனி போட்டு, தண்ணீர் மாற்றி, எச்சம் வழித்துக் கூட்டைக் கழுவுவது பெரும்பாலும் உம்மாதான். ஆகவே இந்த விடயத்தை உங்களிடமே பேசுவது பொருத்தம்.

சகோதரியொருவர் இது பற்றி எழுதிக் கேட்டிருக்கிறார். அவரது வீட்டில் ஒரு சோடி லவ் பேர்ட்ஸ். கூடு கழுவும் வேளையில் பெண் பறவை பறந்துவிட்டது. மகள் மூன்று நாளாக ஒழுங்காகச் சாப்பிடவில்லை. நாலாம் நாள் அஸருக்குப் பின் அது பின்வளவுக் கொய்யா மரத்தில் வந்து குந்தி, ஆண் பறவையின் சத்தத்துக்கு இறங்கி வந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் இப்போது ஓயாமல் உடம்பைச் சொறிகிறதாம். சொண்டின் ஓரத்தில் சுண்ணாம்பு பூசியது போல் ஏதோ படிந்திருக்கிறதாம். மாட்டுக்குப் போடும் பூச்சி மருந்தில் ஒரு சொட்டு வைக்கச் சொல்கிறாராம் பக்கத்து வீட்டு நானா. மண்ணெண்ணெய் தடவச் சொல்கிறாராம் மச்சி. அடைத்து வைப்பதே பாவம், திறந்து விட்டுவிடு என்கிறாராம் மாமி. எதைச் செய்வது என்பதுதான் அவரது கேள்வி.

மூவரும் நல்ல எண்ணத்துடன்தான் சொல்கிறார்கள். ஆனாலும் மூன்று யோசனைகளுமே அந்தச் சிறிய உயிருக்கு ஆபத்தானவை. ஏன் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அடைத்து வளர்ப்பது பாவமா?

அனஸ் (ரலி) அவர்களின் தாய் வழித் தம்பி அபூ உமைர் என்ற சிறுவர். அவர் நுகைர் எனும் சிட்டுக்குருவி போன்ற ஒரு பறவையை வளர்த்து வந்தார். அது இறந்து போனபோது, கவலையோடு இருந்த அந்தப் பிள்ளையிடம் நபி (ஸல்) அவர்கள் பறவையைப் பற்றி அன்போடு விசாரித்ததை புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் காண்கிறோம். ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞரான இப்னுல் காஸ் அவர்கள் இந்த ஒரு சம்பவத்திலிருந்து மட்டும் அறுபது பயன்களை எடுத்துத் தனியாக ஒரு நூலே எழுதினார்கள். பறவையை வீட்டில் வைத்து வளர்க்கலாம் என்பது உலமாக்கள் இதிலிருந்து எடுத்த சட்டங்களில் ஒன்று. பிள்ளையின் கவலையை அற்பமாக நினைக்கக் கூடாது என்பதும் இதில் நமக்குள்ள படிப்பினைதான்.

இந்த அனுமதி நிபந்தனையோடு கூடியது. ஒரு பூனையை அடைத்து வைத்து, தானும் உணவளிக்காமல், பூமியில் உள்ளதைத் தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண் நரகம் சென்ற செய்தியை நாம் அறிவோம். அடைத்து வைத்தவர் மீது உணவும் நீரும் சுத்தமும் மருந்தும் கடமையாகின்றன. அது அமானிதம்.

அப்படியானால் திறந்து விட்டால் பொறுப்பு நீங்கிவிடுமா? நம்மவர்கள் லவ் பேர்ட்ஸ் என்று சொல்லும் சிறு பறவையின் சரியான பெயர் பட்ஜரிகர். அதன் தாயகம் அவுஸ்திரேலியா. உண்மையான லவ் பேர்ட்ஸ் ஆபிரிக்காவைச் சேர்ந்த வேறோர் இனம். பட்ஜரிகரை 1840இல் ஜோன் கூல்ட் என்ற பறவை ஆய்வாளர் இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். அதன் பின் தலைமுறை தலைமுறையாகக் கூட்டிலேயே முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து வருகிறது. நமது காகத்தையும் வல்லூறையும் பூனையையும் அதற்குத் தெரியாது. எந்தப் புல்லின் விதையைத் தின்னலாம் என்பதும் தெரியாது. அதைத் திறந்து விடுவது விடுதலையன்று, கைவிடுவதாகும்.

காட்டுப் பறவையின் கதை வேறு. பிரயாணம் ஒன்றில் தோழர்கள் சிலர் ஒரு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப் பறவை தவித்து வந்தது. அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள் குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்ன செய்தி அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. பொந்திலிருந்து கிளிக்குஞ்சு எடுத்து விற்பவரிடம் வாங்கும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். நாட்டுச் சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1937ஆம் ஆண்டின் வன விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நமது சுதேசப் பறவைகளில் பெரும்பாலானவற்றைப் பாதுகாக்கிறது.

பறந்த பறவை ஏன் திரும்புகிறது?

புறா திரும்பி வருவதை எல்லோரும் அறிவர். சூரியனின் நிலை, பூமியின் காந்தப் புலம், காற்றில் வரும் வாசனை, கண்ணில் படும் அடையாளங்கள் ஆகியவற்றைக் கொண்டு அது நூற்றுக்கணக்கான மைல் தூரத்திலிருந்தும் தன் கூட்டைக் கண்டுபிடிக்கும். 12ஆம் நூற்றாண்டில் சுல்தான் நூருத்தீன் ஸன்கீ அவர்கள் இந்த ஆற்றலைப் பயன்படுத்தியே ஒழுங்கான புறாத் தபால் சேவை நடத்தினார்கள். 1850இல் ரோய்ட்டர் என்பவர் ஜேர்மனியின் ஆஹன் நகருக்கும் பிரசல்ஸுக்கும் இடையில் செய்தி அனுப்பியதும் புறாக்கள் மூலமே.

பட்ஜரிகருக்கும் கொக்கடீலுக்கும் இந்தத் திறமையில் பங்கு குறைவு. காட்டில் வாழும் பட்ஜரிகர் நிலையான வீடு இல்லாதது; மழை பெய்து புல் விளையும் திசையெல்லாம் கூட்டமாகப் போகும். கூட்டில் பிறந்ததோ, தான் வாழ்ந்த வீட்டை வெளியிலிருந்து ஒருநாளும் கண்டதில்லை. கூரையும் மதிலும் அதற்குப் புதியவை. ஆகவே அது வீட்டைத் தேடி வருவதில்லை; தன் கூட்டத்தைத் தேடி வருகிறது. சோடியின் சத்தம், தெரிந்த மனிதக் குரல், பழகிய கூடு ஆகியவைதான் அதற்கு வழிகாட்டி. அந்தச் சகோதரியின் பறவையை இறக்கியதும் ஆண் பறவையின் குரலே.

பறந்துவிட்டால் செய்ய வேண்டியவை

பதறி ஓடித் துரத்தாதீர்கள். துரத்தினால் மேலும் தூரம் போகும். தண்ணீர் பீய்ச்சுவதும் கல்லெறிவதும் கூடாது. எந்த மரத்தில், எந்தக் கிளையில் இருக்கிறது என்று ஒருவர் கண் எடுக்காமல் பார்த்திருக்கட்டும்.

சோடி இருந்தால் அதன் கூட்டை நன்றாகப் பூட்டி, வெளியே தெரியும்படி உயரத்தில் வையுங்கள். பக்கத்திலேயே இன்னொரு கூட்டைக் கதவு திறந்து, தினையும் தண்ணீரும் வைத்துத் தயாராக்குங்கள். சோடி இருக்கும் கூட்டின் அருகில் ஓர் ஆள் மறைவாக இருப்பது அவசியம். பூனையும் காகமும் அங்கும் வரும். பறவைக்குப் பழகிய குரலில், வழக்கமாகச் சொல்லும் சொல்லைச் சொல்லியே கூப்பிடுங்கள். கூட்டில் வளர்ந்த பறவைக்கு மேலே ஏறிப் பறக்கத் தெரிகிறது. உயர்ந்த கிளையிலிருந்து செங்குத்தாகக் கீழே இறங்கப் பழக்கமில்லை. ஆகவே கூட்டை நிலத்தில் வைத்துவிட்டு அது வரவில்லையே என்று ஏங்குவதில் பயனில்லை. மாடியிலோ மதில் மேலோ, அது இருக்கும் உயரத்துக்குக் கிட்டவாக வையுங்கள்.

பறவைகள் அதிகம் கத்துவதும் இரை தேடுவதும் காலையிலும் மாலையிலும். மஃரிப் நெருங்க அது ஓரிடத்தில் அடங்கிவிடும், இரவில் பறக்காது. அடங்கிய மரத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, ஸுப்ஹுத் தொழுத கையோடு அங்கே போய்க் கூப்பிட்டால் கிடைக்கக் கூடும். முதல் இரண்டு நாளும் மிக முக்கியம். ஆனாலும் நாலாம் நாளும் வந்திருக்கிறது, அதற்குப் பின்னரும் வந்ததுண்டு. அயல் வீடுகளுக்கும், பள்ளிவாசலடிக்கும், சந்தி முச்சக்கர வண்டித் தரிப்பிடத்துக்கும், மத்ரஸாப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். நிறத்தையும், காலில் வளையம் இருந்தால் அதன் இலக்கத்தையும் சொல்லுங்கள்.

பிறர் வீட்டுப் பறவை நம் வீட்டுக்கு வந்தால்

இதையும் சொல்லியாக வேண்டும். பறந்து வந்த பறவையை 'அல்லாஹ் அனுப்பிய ரிஸ்க்' என்று தம் கூட்டில் போட்டுக்கொள்வோர் நம்மில் உண்டு. கூட்டுப் பறவைக்குச் சொந்தக்காரர் ஒருவர் இருக்கிறார். அது கண்டெடுத்த பொருள், அறிவித்தல் கடமை. வழிதவறிய ஒட்டகத்தைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, அது தானாகவே சமாளிக்கும், விட்டுவிடுமாறும், ஆட்டைப் பற்றிக் கேட்கப்பட்டபோது, அது ஓநாய்க்கு இரையாகி விடுமென்பதால் எடுக்கலாம் என்றும் விளக்கினார்கள். கூட்டுப் பறவை ஆட்டைப் போன்றது. எடுத்துப் பாதுகாப்பது நல்லது. ஆனால் எடுத்தவர் உரியவரைத் தேடி அறிவிக்க வேண்டும். எவ்வளவு காலம் என்பது பொருளின் பெறுமதியைப் பொறுத்தது. உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கோ ஒரு வீட்டில் ஒரு பிள்ளை சாப்பிடாமல் இருக்கிறது என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

திரும்பி வந்த முதல் நாள்

பறவை திரும்பியதும் நாம் செய்யும் முதல் பிழை, சந்தோஷத்தில் அதை உடனே சோடியோடு விட்டுவிடுவது. வெளியே இருந்த நாட்களில் அது காகமும் கோழியும் எச்சமிட்ட தண்ணீரைக் குடித்திருக்கலாம். புறாக்கள் அடையும் இடத்தில் இரவைக் கழித்திருக்கலாம். எனவே வேறொரு கூட்டில், முடிந்தால் வேறோர் அறையில், குறைந்தது 30 நாளாவது தனியாக வைத்திருங்கள். வளவுக் கோழிகளிடமிருந்தும் தள்ளி வையுங்கள். முதலில் மற்றப் பறவைக்குத் தீனி வைத்து, கடைசியில் இதற்கு வையுங்கள். பின் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

கூட்டின் ஒரு பக்கத்தைத் துணியால் மூடி, வெளிச்சமும் சத்தமும் குறைந்த இடத்தில் வையுங்கள். பழகிய தினையையும் சுத்தமான தண்ணீரையும் எட்டிய இடத்தில் வைத்தால் போதும், அதுவே தின்னும். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். அது மூச்சுக் குழாயில் போய்விடும். பாலில் ஊறிய பாணும் வேண்டாம்.

உடம்பைக் கவனித்துப் பாருங்கள். பூனை கவ்விய அடையாளமோ நகக் கீறலோ ஊசிமுனை அளவு இருந்தாலும் அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டு போக வேண்டும். பூனையின் வாயிலுள்ள கிருமி பறவையை ஓரிரு நாளில் கொன்றுவிடும்.

இன்னொன்று, நிறுத்துப் பாருங்கள். கேக் செய்ய வைத்திருக்கும் இலத்திரனியல் தராசு போதும். பட்ஜரிகர் 30 முதல் 40 கிராம் வரை இருக்கும். கொக்கடீல் 80 முதல் 100 கிராம் வரை இருக்கும். தினமும் காலையில் தீனி வைக்கும் முன் நிறுத்து எழுதி வையுங்கள். பறவை தன் சுகவீனத்தை மறைக்கும். காட்டில் பலவீனத்தைக் காட்டினால் முதலில் பிடிபடுவது அதுதான் என்பதால் அப்படி. இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூட்டின் அடியில் குந்தும்போது நோய் முற்றியிருக்கும். தராசு அதற்கு முன்பே சொல்லிவிடும்.

ஒட்டுண்ணிகளை அறிந்துகொள்வோம்

சொறிகிற பறவை எல்லாவற்றுக்கும் ஒரே நோயல்ல. எது என்று தெரிந்தால்தான் மருந்து பலிக்கும்.

முதலாவது, இறகுப் பேன். இது பறவையின் உடம்பிலேயே இரவும் பகலும் வாழும்; இறகைத் தின்னும். செட்டையை விரித்து வெளிச்சத்தில் பார்த்தால் நீளமான சிறு பூச்சிகள் நகர்வதையும் இறகின் அடியில் ஈர் ஒட்டியிருப்பதையும் காணலாம். மனிதரின் தலையில் இது வாழாது, பயப்பட வேண்டாம்.

இரண்டாவது, சிவப்புச் சிற்றுண்ணி. இது கள்ளனைப் போன்றது. பகலில் கூட்டின் இடுக்கிலும் மரக்குச்சியின் வெடிப்பிலும் ஒளிந்திருந்து, இரவில் வந்து இரத்தம் குடிக்கும். பகலில் பறவையைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் இரவில் அமைதியின்றித் தத்தளிக்கும், நாளடைவில் இரத்தம் குறைந்து சோர்ந்து போகும். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. இரவில் கூட்டை வெள்ளைத் துணியால் மூடி, விடியுமுன் டோர்ச் அடித்துத் துணியின் உட்பக்கத்தைப் பாருங்கள். மிளகாய்த்தூள் சிந்தியது போல் சிவந்த புள்ளிகள் ஊர்ந்தால் அதுதான். இரை இல்லாமலும் இது பல மாதம் உயிரோடு இருக்கும். ஆகவே பழைய கூட்டை விலைக்கு வாங்கினால் அதோடு இதையும் வாங்க நேரிடும்.

மூன்றாவது, சொண்டில் பொருக்கு வைக்கும் சிற்றுண்ணி. பட்ஜரிகருக்கு அதிகம் வருவது இதுவே. சொண்டின் ஓரம், மூக்குத் துவாரத்தைச் சுற்றியுள்ள தோல், கண்ணிமை, கால் ஆகிய இடங்களில் தோலைத் துளைத்துச் சுரங்கம் போடும். சுண்ணாம்பு படிந்தது போலத் தோன்றும். உற்றுப் பார்த்தால் தேன்வதை போலச் சின்னச் சின்னத் துளைகள் தெரியும். கவனிக்காமல் விட்டால் சொண்டே கோணிப் போகும். சகோதரியின் விவரிப்பு இதையே நினைவூட்டுகிறது. ஆயினும் வைத்தியர் பார்த்தே உறுதி செய்ய வேண்டும். இங்கே கவனிக்க வேண்டியது, இந்தப் பொருக்கு நாலு நாள் வெளியே போய் வந்ததால் உண்டாவதில்லை. குஞ்சாக இருக்கும்போதே தாயிடமிருந்து தொற்றி, நீண்ட காலம் மறைந்திருந்து, பசியும் பயமும் உடம்பை வாட்டும்போது வெளிக்கிளம்பும். எனவே வீட்டிலேயே இருந்த சோடிக்கும் சிகிச்சை தேவைப்படும். பொருக்கை நகத்தால் சுரண்டக் கூடாது, இரத்தம் வரும்.

இவை வெளி ஒட்டுண்ணிகள். உள்ளே குடலில் வாழ்வனவும் உண்டு. நாக்குப்பூச்சியைப் போன்ற வட்டப் புழு, நாடாப் புழு, கண்ணுக்குத் தெரியாத கொக்சிடியா, ஜியார்டியா ஆகியவை அவற்றுள் சில. தின்றும் மெலிவது, எச்சம் நீர்த்துப் போவது, எச்சத்தில் இரத்தம் கலப்பது ஆகியன இவற்றின் அறிகுறிகளாகலாம். வைத்தியரிடம் போகும்போது அன்றைய புதிய எச்சத்தைச் சுத்தமான சிறு போத்தலில் எடுத்துச் செல்லுங்கள். நுணுக்குக்காட்டியில் பார்த்து, இருக்கிறதா, இருந்தால் எது என்று சொல்வார். புறா வளர்க்கும் வீட்டார் தொண்டைக்குள்ளும் பார்க்க வேண்டும். மஞ்சள் நிறத்தில் தயிர்க்கட்டி போல் இருந்தால் அதுவும் ஒரு நுண் ஒட்டுண்ணியின் வேலையாக இருக்கலாம்.

ஒரு சொட்டின் கணக்கு

இனி அந்த மாட்டு மருந்து. ஐவர்மெக்டின் என்பது அதன் பெயர். நல்ல மருந்துதான், அதைக் கண்டுபிடித்த ஒமுரா, கெம்பல் ஆகிய இருவருக்கும் 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. பறவைக்கும் மிருக வைத்தியர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். பயம் மருந்தில் இல்லை, அளவில் இருக்கிறது. பிள்ளைகளின் கணக்குக் கொப்பியை எடுத்து என்னோடு சேர்ந்து கணக்குப் பாருங்கள்.

பறவைக்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் அளவு, ஒரு கிலோ எடைக்கு 0.2 மில்லிகிராம். நமது பட்ஜரிகரின் எடை 35 கிராம். அப்படியானால் அதற்குத் தேவை 0.007 மில்லிகிராம் மட்டுமே. மாட்டுக்குப் போடும் ஒரு சதவீத ஊசி மருந்தில் ஒரு மில்லிலீற்றருக்கு 10 மில்லிகிராம் இருக்கிறது. இருபது சொட்டு ஒரு மில்லிலீற்றர் என்று வைத்தால், ஒரு சொட்டில் அரை மில்லிகிராம். அரை மில்லிகிராமை 0.007ஆல் வகுத்தால் விடை எழுபதைத் தாண்டுகிறது!

நானா அன்போடு சொன்ன 'ஒரே ஒரு சொட்டு', அந்தப் பறவைக்கு எழுபது வேளை மருந்து. ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் பாணி ஒரு கரண்டி கொடுக்கச் சொன்னால், எழுபது கரண்டி கொடுப்போமா? வைத்தியர் உரிய முறையில் ஐதாக்கி, பறவையை நிறுத்து, அளந்துதான் வைப்பார். நம் வீட்டில் அளக்கக் கூடிய அளவன்று அது.

இரண்டாம் முறை வைக்கச் சொல்வார், அதையும் தவறவிடாதீர்கள். மருந்து உயிருள்ள உண்ணியைக் கொல்லும், முட்டையைக் கொல்வதில்லை. முட்டை பொரித்து வெளிவருபவை மீண்டும் முட்டையிடும் முன் அவற்றைப் பிடிக்கத்தான் பெரும்பாலும் 10 முதல் 14 நாளில் மறுபடி வைப்பது. முதல் வேளையில் சொறிச்சல் நின்றுவிட்டது என்று பலர் போவதில்லை. அடுத்த மாதம் அதே நோய் திரும்பி வரும்.

புழு மருந்திலும் எச்சரிக்கை தேவை. பிள்ளைகளுக்கோ ஆட்டுக்கோ கொடுக்கும் மருந்தைப் பறவைக்குப் பாதியாக உடைத்துக் கொடுப்பது தகாது. ஃபென்பெண்டசோல், அல்பெண்டசோல் ஆகிய இரண்டும் புறாக்களுக்கு நஞ்சாகி எலும்பு மச்சையைப் பாதித்திருக்கின்றன. இறகு முளைக்கும் காலத்தில் ஃபென்பெண்டசோல் கொடுத்தால் இறகும் கெடும்.

மண்ணெண்ணெய் எந்த அளவிலும் கூடாது. தோலைச் சுடும்; பறவை சொண்டால் இறகைக் கோதும்போது வயிற்றுக்குள் போகும்; அதன் ஆவி மூச்சையும் கெடுக்கும். தேங்காயெண்ணெய், வேப்பெண்ணெய் என்று எந்த எண்ணெயை உடம்பில் பூசினாலும் இறகு ஒட்டிக்கொண்டு சூடு தங்காமல் போகும். கூட்டுக்குள் நப்தலீன் உருண்டை போடுவதும், கரப்பான் பூச்சிக்கு அடிக்கும் மருந்தைக் கூட்டுக்கு அடிப்பதும் ஆபத்தே.

மருந்தில் பாதி கூட்டில்

பறவைக்கு மட்டும் மருந்து வைத்துவிட்டுக் கூட்டை அப்படியே விட்டால், செலவழித்த பணம் வீண். ஏனென்று சொல்கிறேன். கொக்சிடியாவின் வித்து எச்சத்தோடு விழுந்தவுடன் தொற்றுவதில்லை. ஈரமும் சூடும் உள்ள இடத்தில் ஓரிரு நாள் கிடந்து முதிர்ந்த பின்பே தொற்றும். வட்டப் புழுவின் முட்டைக்கு இரண்டு மூன்று வாரம் தேவை. ஆகவே கூட்டின் அடியில் பழைய பத்திரிகையை விரித்து நாள்தோறும் மாற்றுகிற உம்மா, மருந்தே இல்லாமல் அந்தச் சங்கிலியை அறுத்துவிடுகிறார். குர்ஆன் வசனங்களோ அல்லாஹ்வின் பெயரோ அச்சிட்ட தாளை இதற்குப் பாவிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாரத்துக்கு ஒருமுறை பறவையை வேறு கூட்டுக்கு மாற்றி, குந்தும் குச்சி, தீனிக் கிண்ணம், தட்டு எல்லாவற்றையும் கழற்றி, சுடுநீரும் சவர்க்காரமும் கொண்டு பிரஷ் போட்டு உரசிக் கழுவி, நல்ல வெயிலில் காய விடுங்கள். சிவப்புச் சிற்றுண்ணி இருந்தால் இடுக்குகளையே குறிவைக்க வேண்டும். வெடித்த மரக்குச்சியையும் பழைய முட்டைப் பெட்டியையும் பொலித்தீன் பையில் கட்டி அகற்றிவிட்டுப் புதிதாக வையுங்கள். சூடான நாட்டில் ஒரு வாரத்துக்குள் அது பெருகிவிடும் என்பதால் ஒருநாள் கழுவி விட்டுவிடக் கூடாது. நாலைந்து வாரம் தொடர வேண்டும். தீனிக் கிண்ணத்தைக் குச்சிக்கு நேர் கீழே வைக்காதீர்கள். எச்சம் அதில் விழும்.

வீட்டாரின் சுகம்

உலர்ந்த எச்சத்தைத் தும்புத்தடியால் கூட்டினால் தூசி பறந்து மூச்சில் போகும். முதலில் தண்ணீர் தெளித்து ஈரமாக்கிய பின் வழித்தெடுங்கள். மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளுங்கள். கிளி இனப் பறவைகளிடமிருந்து மனிதருக்குப் பரவும் சிட்டகோசிஸ் என்ற காய்ச்சல் உண்டு. அது ஒட்டுண்ணியால் அல்ல, பக்டீரியாவால் வருவது. பறவை வளர்க்கும் வீட்டில் எவருக்காவது காய்ச்சலும் தலைவலியும் வறட்டு இருமலும் நீடித்தால், வீட்டில் பறவை இருக்கிறது என்பதை வைத்தியரிடம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவருக்கு அந்த நினைவு வராது. கூட்டைக் குசினியில் கழுவ வேண்டாம். பாத்திரம் கழுவும் தொட்டி அதற்குரியதல்ல.

குசினியால் பறவைக்கும் கெடுதி வரும். ஒட்டாத பூச்சுள்ள நொன்ஸ்டிக் தாச்சி அடுப்பில் அளவுக்கு மிஞ்சிச் சூடானால் வெளிவரும் புகை மனிதருக்குத் தெரியாது; ஆனால் சிறு பறவை சில நிமிடங்களில் விழுந்துவிடும். கூட்டைக் குசினியிலோ அதன் வாசலிலோ தொங்க விடாதீர்கள். நுளம்புத்திரி கொளுத்தும் அறையும் அதற்கு ஆகாது.

மிருக வைத்தியரை எங்கே தேடுவது என்று சிலர் கேட்கலாம். அரச மிருக வைத்தியர் காரியாலயங்கள் நாட்டின் எல்லாப் பகுதிகளிலும் இருக்கின்றன. ஆடு மாடு மட்டும்தான் பார்ப்பார்கள் என்று நினைக்காமல் போய்க் கேளுங்கள். தேவையானால் எங்கு செல்லலாம் என்று அவர்களே சொல்வார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடத்தில் போதனா வைத்தியசாலையும் உண்டு. பறவையைச் சின்னக் கூட்டில் துணியால் மூடி எடுத்துச் செல்லுங்கள். பேருந்தில் ஜன்னல் காற்றுப் படாமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்குப் பங்கு கொடுங்கள்

சகோதரிகளே! இத்தனையையும் உம்மா ஒருவர் தலையில் சுமத்துவது என் நோக்கமல்ல. பறவை வேண்டுமென்று கேட்ட பிள்ளைக்கே அதன் அமானிதத்தில் பங்கு கொடுங்கள். ஏழு வயதுப் பிள்ளை தண்ணீர் மாற்றலாம். பத்து வயதுப் பிள்ளை கடதாசி மாற்றி, எடையை நிறுத்துக் கொப்பியில் எழுதலாம். கூடு திறக்கும் முன் அறைக் கதவையும் ஜன்னலையும் சாத்தி, மின்விசிறியை நிறுத்திவிட்டு, 'சாத்தியாச்சு' என்று ஒருவர் சத்தமாகச் சொன்ன பின்பே கூட்டுக் கதவில் கை வைக்கும் ஒரு சட்டத்தை வீட்டில் போட்டு வையுங்கள். பறந்து போகும் பறவைகளில் பெரும்பங்கு கூடு கழுவும் நேரத்திலும் தீனி வைக்கும் நேரத்திலும் போவதுதான். வாங்கிக் கொடுத்த வாப்பாவும் மாதத்தில் ஒருநாள் கூட்டைக் கழுவினால் ஒன்றும் குறைந்துவிடாது.

தனக்கு வலிக்கிறது என்று சொல்ல முடியாத ஓர் உயிரைக் கவனித்துப் பழகிய பிள்ளை, நாளை படுக்கையில் கிடக்கும் மூத்தம்மாவின் முகத்தைப் பார்த்தே தாகத்தை அறிந்துகொள்ளும். அத்தகைய பிள்ளைகளை அல்லாஹு தஆலா நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! மற்றொரு விடயத்தோடு அடுத்த மாதம் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.